இறுகிய எஞ்சின் எப்படி இளகியது?

மழைக்காலம் முழுவதும் திறக்கப்படாமல் தொங்கிய பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றிருக்கிறீர்களா? சாவி உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது. நம்மில் பலர் சாவியின் காதில் ஒரு கம்பியை நுழைத்து முறுக்குவோம். பூட்டு திறப்பதில்லை, சாவிதான் ஒடிகிறது. வீட்டில் பாட்டி இருந்தால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டு, "அப்படியே வை, சாயங்காலம் பார்க்கலாம்" என்பார். சாயங்காலம் பூட்டு திறந்துகொள்ளும்.

பாட்டியின் இந்த வழியில் அடங்கியுள்ள இயற்பியலை நான் முழுமையாக உணர்ந்தது வகுப்பறையில் அல்ல. பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், பழைய மாட்டுவண்டிக் கொட்டகையில், நூறு வயதான ஒரு மோட்டார் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தபோதுதான் உணர்ந்தேன்.

அந்தக் கொட்டகை என் பள்ளித்தோழருக்குச் சொந்தம். அவருடைய பாட்டனார் வாங்கிய கார் அதில் நின்றது. 1924ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 'டி' மாடல் ஃபோர்டு அது. 1950களில் ஒருநாள் நிறுத்தியவர்கள் பிறகு அதை எடுக்கவேயில்லை. கோழிகள் பின் இருக்கையில் முட்டையிட்டன. தேங்காய் மட்டைகள் அதன் மேல் அடுக்கப்பட்டன. நண்பர் வேளாண்மையிலிருந்து சற்று ஓய்வு பெற்றதும், இதை மீண்டும் ஓடவைப்பது என்று முடிவு செய்தார். கோவையில் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்றேன். என் வேலை பெரும்பாலும் விளக்குப் பிடிப்பதும் கேள்வி கேட்பதும்தான்.

முதலில் இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை 'டி' மாடலை 1908 முதல் 1927 வரை செய்தது. மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள்! நான்கு சிலிண்டர்கள், 2.9 லிட்டர் கொள்ளளவு, ஆனால் திறன் வெறும் 20 குதிரைத்திறன்தான். இன்று ஒரு லிட்டர் எஞ்சினே இதைப் போல மூன்று மடங்கு திறன் தருகிறது. அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு வண்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து நேராக வந்தவை அல்ல. கனடாவில் இருந்த ஃபோர்டு நிறுவனமே இங்கிலாந்து நீங்கலான ஆங்கிலப் பேரரசின் நாடுகளுக்கு வண்டி அனுப்பியது. வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகள் அவை.

இந்த எஞ்சினில் தண்ணீர் பம்பு இல்லை. எண்ணெய்ப் பம்பும் பெட்ரோல் பம்பும் இல்லை. எங்கள் வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. பம்புகள் செய்யவேண்டிய வேலைகளை எல்லாம் புவியீர்ப்பும் வெப்பமும் சுழற்சியுமே செய்தன. ஆகவே ஓர் இயற்பியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

ஒரு டன் விசையும் ஓர் ஒடிந்த ஆணியும்

முதல் நாள் எஞ்சின் சுழல்கிறதா என்று பார்த்தோம். முன்புறக் கைப்பிடியைச் செருகித் திருப்பினால் அசையவில்லை. நான் கல்லூரியில் நெம்புகோல் நடத்துபவன் அல்லவா? கைப்பிடியில் ஒரு நீண்ட இரும்புக் குழாயை மாட்டி, மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி என் எடையைச் சாய்த்தேன். "டக்" என்று ஓர் ஓசை. நான் தரையில் விழுந்தேன். கைப்பிடியை எஞ்சினின் தண்டோடு இணைக்கும் குறுக்கு ஆணி ஒடிந்துபோயிருந்தது.

பெரியவர் கோபிக்கவில்லை. "இரும்பை மிரட்டாதீங்க சார். வார்ப்பிரும்பு வளையாதுங்க, ஒடையத்தான் ஒடையும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் தொலைவு சுமார் 10 செ.மீ. ஆகவே கிராங்க்கின் ஆரம் 5 செ.மீ. நான் நின்ற இடமோ மையத்திலிருந்து 100 செ.மீ. நெம்புகோல் விதிப்படி விசை 20 மடங்காகிறது. நான் அழுத்தியது 50 கிலோகிராம் எடையளவு என்றால், பிஸ்டன்களை இழுத்த விசை ஏறத்தாழ ஒரு டன்! அந்தச் சிறு ஆணி ஒடிந்ததே நல்லதாயிற்று. அது ஒடியாதிருந்தால் நூறு வயதான கிராங்க் தண்டோ பிஸ்டனோ உடைந்திருக்கும். ஆணி சில ரூபாய். தண்டுக்கு எங்கே போவது?

இறுகியது ஏன்?

எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி உள்ளே பார்த்தோம். முதல் இரண்டு சிலிண்டர்களின் சுவர்கள் ஓரளவு பளபளப்பாகவே இருந்தன. மூன்றாவதும் நான்காவதும் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தன. ஒரே எஞ்சின், ஒரே கொட்டகை, ஒரே காற்று. பாதிக்கு மட்டும் துரு ஏன்?

இதற்கு விடை, 1950களில் அந்த வண்டி கடைசியாக நின்ற நொடியில் இருக்கிறது. நாற்கட்ட எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளை மாறி மாறிச் செய்கிறது. நான்கு சிலிண்டர்களும் ஒரே வேலையை ஒரே சமயத்தில் செய்வதில்லை. இந்த எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1, 2, 4, 3. முதல் சிலிண்டர் வெடிக்கும் கட்டத்தில் நின்றிருந்தால், இரண்டாவது அமுக்கும் கட்டத்தில் இருக்கும்; இவ்விரண்டிலும் வால்வுகள் மூடியிருக்கும். நான்காவது உறிஞ்சும் கட்டத்திலும் மூன்றாவது வெளியேற்றும் கட்டத்திலும் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு வால்வு திறந்திருக்கும். திறந்த வால்வுகளின் வழியே எழுபது பருவமழைகளின் ஈரக்காற்று உள்ளே போய் வந்திருக்கிறது. எஞ்சின் எந்த நிலையில் நின்றது என்பதைத் துருவே நமக்கு எழுதி வைத்திருந்தது!

துரு என்பது இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து உண்டாகும் பொருள். அது தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கிறது. பழைய கட்டடங்களில் கான்கிரீட் கூரையின் காரை பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிய துருதான் காரையைத் தள்ளி உடைக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் சந்தில் துரு உப்பினால் ஆப்பு அடித்தது போலத்தான்.

ஆப்பை எப்படிக் கழற்றுவது? பெரியவர் டீசலில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயைக் கலந்து பிஸ்டன்களின் தலையில் ஊற்றினார். "ஏன் வெறும் எஞ்சின் எண்ணெய் கூடாது?" என்று கேட்டேன். "அது சோம்பேறிங்க, உள்ளே போகாது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மிகக் குறுகிய சந்துகளில் திரவங்கள் தாமே ஏறுவதைத் தந்துகிக் கவர்ச்சி என்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இதனால்தான். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு அதிகமாக இழுக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சந்து, டீசலைப் புவியீர்ப்புக்கு எதிராக 60 செ.மீ. உயரத்துக்கும் மேலே ஏற்றவல்லது. ஆனால் எவ்வளவு தூரம் ஏறும் என்பது வேறு, எவ்வளவு விரைவாக ஏறும் என்பது வேறு. விரைவைத் தீர்மானிப்பது பாகுநிலை. எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை டீசலைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். டீசல் ஒரு நாளில் நுழையும் சந்தில் எஞ்சின் எண்ணெய் நுழைய இரண்டு மாதம் ஆகலாம். கலந்த சிறிதளவு எண்ணெய், பின்னால் பிஸ்டன் அசையும்போது வழுக்குவதற்காக.

நான்கு வாரம் ஊறவிட்டும் பிஸ்டன் அசையவில்லை. "சூடாக்கினால் விரிந்து கழன்றுவிடுமே" என்று நண்பர் கேட்டார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு விரியும். ஆனால் 'டி' மாடலில் பிஸ்டனும் வார்ப்பிரும்பு, சிலிண்டரும் வார்ப்பிரும்பு. இரண்டையும் ஒரே அளவு சூடாக்கினால் இரண்டும் ஒரே விகிதத்தில் விரியும், பிடி தளராது. வெளியே உள்ள சிலிண்டர் சூடாகவும் உள்ளே உள்ள பிஸ்டன் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் பயன் உண்டு.

எஞ்சினைக் குளிர்விப்பதற்காகச் சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடும் கூடு ஒன்று இருக்கிறதல்லவா? அதையே தலைகீழாகப் பயன்படுத்தினோம். நீர்க்கூட்டின் பக்கத் துளையை அடைத்துவிட்டு, அதற்குள் சுடுநீரை ஊற்றினோம். பிஸ்டன்களின் தலையில் பனிக்கட்டி நிரப்பிய பைகளை வைத்தோம். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு கிடைத்தால், 95 மி.மீ. விட்டமுள்ள துளை 0.04 மி.மீ. அதிகமாக விரியும். தலைமயிரின் பருமனில் பாதிதான்! ஆனால் துரு ஆப்பு பிடித்திருப்பதும் அந்த அளவுச் சந்தில்தானே. முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு சூடான நீர், கடைசியில் கொதிநீர் என்று படிப்படியாக ஊற்றினோம். குளிர்ந்த வார்ப்பிரும்பில் திடீரென்று கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். சூடான கண்ணாடித் தம்ளரில் குளிர்நீர் ஊற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கும்.

சூடு, குளிர், மறுபடி எண்ணெய். இப்படி மூன்று ஞாயிறுகள். ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் துரு நொறுங்கிப் புதிய சந்துகள் உண்டாகும். அவற்றில் எண்ணெய் இறங்கும். ஏழாவது வாரம் பெரியவர் பிஸ்டன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். நான்காவது பிஸ்டன் ஒரு நெல் அளவு இறங்கியது. நாங்கள் யாரும் பேசவில்லை. இன்னொரு தட்டு, இன்னொரு நெல். அன்று மாலைக்குள் கைப்பிடியை ஒரு கையால் சுற்ற முடிந்தது, ஒடிந்த ஆணிக்குப் பதில் புது ஆணி போட்டுத்தான்.

பிறகு சிலிண்டர்களைத் தேய்த்துச் சீராக்கியது, புதிய வளையங்கள் போட்டது எல்லாம் வழக்கமான லேத் பட்டறை வேலை. கோவையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

சிறு பாகங்களின் துருவை நீக்க வேறொரு முறையைக் கையாண்டோம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல். துருப்பிடித்த பாகம் மின்கலச் சார்ஜரின் எதிர்முனையில். பழைய இரும்புத் தகடு நேர்முனையில். மின்னாற்பகுப்பு தொடங்கியதும் பாகத்திலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். துரு தளர்ந்து கரிய படலமாக மாறும். தூரிகையால் தேய்த்தால் போய்விடும். நல்ல இரும்பு சிறிதும் குறைவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. ஆனால் தகடாக எவர்சில்வரை ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மங்களாகக் கரையும். ஹைட்ரஜன் எரியும் வாயு. ஆகையால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். சுருள்வில்களை இதில் போடக்கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான எஃகை நொறுங்கச் செய்யும். ஆசிரியர் உடன் இல்லாமல் இதை நீங்கள் செய்யவேண்டாம்.

எண்ணெய்ப் பம்பு இல்லாத எஞ்சினில் தேய்மானத்தைத் தாங்குவது கிராங்க் தண்டைத் தாங்கும் 'ஒயிட் மெட்டல்' பேரிங்குகள். வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த உலோகம் அது. ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839இல் உருவாக்கியது. மென்மையான உலோகத்தில் கடினமான மணிகள் பதிந்திருக்கும். மணிகள் தண்டைத் தாங்கும், மென்மையான பகுதி சிறு மண்துகள்களைத் தனக்குள் புதைத்துக்கொண்டு தண்டைக் காப்பாற்றும். எங்கள் வண்டியில் அது பெயர்ந்திருந்தது. பெரியவர் புதிதாக உருக்கி ஊற்றினார். ஊற்றுமுன் எஞ்சின் கட்டையை நன்றாகச் சூடாக்கிக் காயவைத்தார். உருகிய உலோகத்தின் அடியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால், அது நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பருமனுள்ள நீராவியாகி உலோகத்தை வாரி முகத்தில் இறைக்கும். நான் பத்தடி தள்ளியே நின்றேன்.

தீப்பொறி எங்கிருந்து வரும்?

எஞ்சின் சுழல்கிறது; இனி வெடிக்க வேண்டும். அதற்குத் தீப்பொறி வேண்டும். 'டி' மாடலில் இதற்கான ஏற்பாட்டைப் பார்த்தால், உங்கள் இயற்பியல் புத்தகத்தின் மின்காந்தப் பாடத்தை யாரோ இரும்பில் செய்து வைத்தது போல இருக்கும்.

எஞ்சினின் பின்புறம் கனமான ஒரு பறக்கும் சக்கரம். அதன் மேல் 'வி' வடிவான 16 நிலைக்காந்தங்கள் வட்டமாகப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றுக்கு எதிரே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், 16 கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு சுருளின் முன்னும் வடமுனை, தென்முனை என்று மாறி மாறி வருகின்றன. ஃபாரடே 1831இல் கண்டறிந்தபடி சுருள்களில் மின்சாரம் தூண்டப்படுகிறது. ஒரு சுற்றுக்கு 8 அலைகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விநாடிக்கு 80 அலைகள். எஞ்சின் வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும்.

எங்கள் காந்தங்கள் வலுவிழந்திருந்தன. அக்கால எஃகுக் காந்தங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல, அதிர்ச்சியாலும் வெப்பத்தாலும் தளர்ந்துபோகும். அவற்றைக் கழற்றாமலே மீண்டும் காந்தமாக்கலாம். மூன்று 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, அந்த 16 சுருள்கள் வழியாகவே நேர்மின்சாரத்தை ஒரு கணம் செலுத்தினால் போதும். சுருள்கள் வலிய மின்காந்தங்களாகி எதிரே உள்ள காந்தங்களுக்கு உயிரூட்டும். ஆனால் சுருளின் வடமுனைக்கு எதிரே காந்தத்தின் தென்முனை நிற்கவேண்டும். தவறி வடமுனைக்கு எதிரே வடமுனை நின்றால், இருக்கும் காந்தத் தன்மையும் போய்விடும்! காந்தங்களோ மூடியிருக்கும் உறைக்குள் இருக்கின்றன. எப்படிப் பார்ப்பது?

கடைசியாக என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் சாதாரணக் காந்த ஊசியை மேல் மூடியில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுழற்றினேன். உள்ளே ஒவ்வொரு முனை கடக்கும்போதும் ஊசி திரும்பித் திரும்பிக் காட்டியது. சரியான நிலையில் சக்கரத்தை நிறுத்திவிட்டு, மின்கலக் கம்பியைத் தொட்டு எடுத்தோம்.

இந்த மின்சாரம் சில வோல்ட் மட்டுமே. ஸ்பார்க் பிளக்கில் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அதற்காக நான்கு சிறு மரப்பெட்டிகள் இருக்கின்றன, சிலிண்டருக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டு சுருள். முதன்மைச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு உள்ளகம் காந்தமாகி ஒரு வில் தகட்டை இழுக்கும். இழுத்ததும் தொடர்பு அறும். காந்தப்புலம் சட்டென்று மறையும். துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் எழும். தகடு பழைய நிலைக்குத் திரும்பும். மறுபடி அதே கதை. வீட்டு மின்மணியின் சுத்தியல் அடிப்பது போலத்தான். ஆகையால் பொறி ஒன்றல்ல, பொறிகளின் வரிசை. சாவியைத் திருப்பிக் கைப்பிடியைச் சற்று அசைத்தால் பெட்டி வண்டுபோல ரீங்காரமிடும்.

பெட்டிகளுக்குள் இருந்த மெழுகுக்காகித மின்தேக்கிகள் நான்கும் கெட்டிருந்தன. புதிய மின்தேக்கிகளைப் பழைய பெட்டிக்குள்ளேயே மறைத்துப் பொருத்தினோம். இது சரியா என்று எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம். பழையதைப் பழையதாகவே வைக்கவேண்டும் என்பது நண்பர் கட்சி. ஓடாத காரைப் பழைய கார் என்று சொல்லலாமே தவிர மீட்ட கார் என்று சொல்ல முடியாது என்பது பெரியவர் கட்சி. நான் பெரியவர் பக்கம். ஆனால் மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைப்பது என்று ஏற்பாடாயிற்று. கழற்றிய மின்தேக்கிகளும் சீட்டுக் கட்டி ஒரு டப்பாவில் இருக்கின்றன. பெயிண்ட் விஷயத்தில் நண்பர் வென்றார்: பழைய கறுப்பை அப்படியே விட்டு, மேலே மெழுகு மட்டும் பூசினார். அதுவே நல்லது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பினால் நுரையீரலுக்கு ஆகாது. பழைய எஞ்சின்களின் தலைப்பகுதி 'கேஸ்கட்'டில் கல்நாரும் உண்டு. அதை நனைத்துத்தான் எடுத்தோம்.

கார்புரேட்டரில் எதிர்பாராத ஓர் இக்கட்டு. அதன் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் உறிஞ்சாமலிருக்க அரக்குப் பூசியிருந்தார்கள். நூறாண்டுக்கு முன் அது சரி. இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் அரக்கு கரையும்! மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்களே. அரக்குப் போனால் தக்கை ஊறும், மிதவை மூழ்கும், பெட்ரோல் வழிந்தோடும். பித்தளை மிதவை ஒன்று செய்து போட்டோம். நோட்டுப் புத்தகத்தில் மேலும் ஒரு வரி.

கட்டைவிரலை எங்கே வைப்பது?

கைப்பிடியால் ஸ்டார்ட் செய்வது விளையாட்டல்ல. அக்காலத்தில் எத்தனையோ பேர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்கள். காரணம் இதுதான்.

பெட்ரோல்-காற்றுக் கலவை பொறி பட்ட உடனே முழுவதும் எரிந்துவிடுவதில்லை. சில மில்லி விநாடிகள் ஆகும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது, ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 6 டிகிரி திரும்பிவிடுகிறது. எரிய 3 மில்லி விநாடி என்றால் 18 டிகிரி. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி கொடுக்கவேண்டும். அப்போதுதான் உச்சியைத் தாண்டும் சமயத்தில் அழுத்தம் முழுமை பெறும். ஆனால் கையால் சுற்றும்போது வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 3 மில்லி விநாடியில் கிராங்க் ஒரு டிகிரிதான் நகரும். முன்கூட்டியே பொறி கொடுத்தால், பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்தை அடைந்து அதைக் கீழே தள்ளும். எஞ்சின் தலைகீழாகச் சுழலும், கைப்பிடியையும் சேர்த்துக்கொண்டு.

எஞ்சின் முன்னோக்கி ஓடினால் கைப்பிடி தானே விலகிக்கொள்ளும்படி பற்கள் அமைந்துள்ளன. பின்னோக்கி ஓடினால் அவை விலகா, இறுகப் பிடித்துக்கொள்ளும். எனவே, ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் உள்ள சிறு நெம்புகோலால் முதலில் பொறியைப் பிந்த வைக்கவேண்டும். பிறகு இடக்கையால் கைப்பிடியைக் கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். மேலிருந்து கீழே ஒருபோதும் அழுத்தக் கூடாது. கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும். அப்போது எஞ்சின் உதைத்தாலும் கைப்பிடி விரல்களை விரித்துக்கொண்டு போய்விடும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். காடிலாக் கார்களில் 1912இல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. 'டி' மாடலுக்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கூடுதல் விலை கொடுக்காதவர்களுக்குக் கைப்பிடிதான்.

எஞ்சினை ஓடவிடுமுன் இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. தண்ணீர் பம்பு இல்லை என்றேனல்லவா? எஞ்சினில் சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே எழுந்து ரேடியேட்டரின் உச்சிக்குப் போகும். அங்கே குளிர்ந்து கீழிறங்கி மீண்டும் எஞ்சினுக்கு வரும். வெப்பச் சலனம். இந்தச் சுழற்சியை நடத்தும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 80 டிகிரி நீருக்கும் 60 டிகிரி நீருக்கும் அடர்த்தியில் வேறுபாடு சுமார் ஒரு சதவீதம். உயரம் 40 செ.மீ. என்றால் கிடைப்பது நான்கு மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தமே! வாயால் ஊதினால்கூட அதைவிட அதிகம். இவ்வளவு மெல்லிய தள்ளலை ரேடியேட்டரில் படிந்த சுண்ணாம்பு எளிதாகத் தடுத்துவிடும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் உப்பு நீர். ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு தடித்துப் படிந்திருந்தது. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி இரண்டு நாள் வைத்தோம். கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வந்தது. கடும் அமிலங்கள் வேலையை விரைவில் முடிக்கும்; ஆனால் ஈயப் பற்றுகளையும் சேர்த்து அரித்துவிடும்.

போன தை மாதம் ஒரு ஞாயிறு காலை. வண்டி முன்னே பாய்ந்துவிடாமல் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டோம். பொறியைப் பிந்த வைத்தோம். பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்களே இழுங்க சார், ஆணியை ஒடைச்சவர் நீங்கதானே" என்றார். கட்டைவிரலை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். நான்காவதில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் நீலப்புகை. கோழிகள் சிதறி ஓடின.

நண்பர் மின்கலத்திலிருந்து காந்த மின்சாரத்துக்குச் சாவியை மாற்றினார். முன்விளக்குகள் எரிந்தன. அவற்றுக்கும் அதே 16 காந்தங்கள்தான் மின்சாரம் தருகின்றன. எனவே எஞ்சின் வேகம் கூடினால் வெளிச்சம் கூடியது, குறைந்தால் மங்கியது. நண்பரின் பேத்தி வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்லிச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரேடியேட்டரில் கை வைத்திருந்தேன். மேல்பகுதி முதலில் வெதுவெதுப்பானது. அடிப்பகுதி நெடுநேரம் குளிர்ந்தே இருந்தது. ஆறேழு நிமிடங்களுக்குப் பிறகு அடியிலும் சூடு தெரிந்தது. பம்பு இல்லாமலே நீர் சுற்றத் தொடங்கிவிட்டது.

வண்டி இன்னும் சாலைக்கு வரவில்லை. அதன் சக்கரங்களுக்கு மரத்தாலான ஆரங்கள். இத்தனை கோடைகளில் அவை சுருங்கிப்போய், அசைத்தால் கிறீச்சிடுகின்றன. மாட்டுவண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி ஒருவர் ஆனைமலைப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்கப் போகிறோம்.